நான்காம் தாளுக்கு எதை எடுத்துப் போவது? எனர்ஜி ஆடிட்டர் தேர்வு நூல்கள்: ஒரு மதிப்பீடு

எனர்ஜி ஆடிட்டர், அதாவது ஆலைகளில் எரிசக்தி எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்பவர், ஆவதற்கான தேர்வின் முதல் மூன்று தாள்களில் புத்தகத்தைத் தொட முடியாது. நான்காம் தாள் மட்டும் புத்தகம் பார்த்து எழுதுவது. பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் இண்டக்ஷன் ஃபர்னஸ் (மின்சார உருக்கு உலை) பார்த்துக்கொள்கிறவருக்கும் வாளையார் சிமெண்ட் ஆலைக்காரருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஷிஃப்ட்டுக்குப் போய்வருகிறவருக்கும் அங்கேதான் குழப்பம். கையில் கிடைத்ததையெல்லாம் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

இரண்டு மணி நேரம், 100 மதிப்பெண். அதில் 80 மதிப்பெண் நான்கு பெரிய கணக்குகளுக்கு. ஒரு கணக்குக்கு 24 நிமிடம்தான் கிடைக்கும். ஒரு சூத்திரத்தைத் தேடிப் பிடிக்க இரண்டு நிமிடம் என்று வையுங்கள். பத்து முறை தேடினால் கிட்டத்தட்ட ஒரு முழுக் கணக்கு போச்சு. எனவே ஒரு நூலை எடுத்துப் போகலாமா என்பதை அதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். தேவையானது எவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுகிறது என்று பாருங்கள்.

முதலில் இந்தத் தேர்வை நடத்தும் எரிசக்தித் திறன் செயலகத்தின் (பிஇஇ) நான்காம் வழிகாட்டி நூல். இது இல்லாமல் போகவே கூடாது. பாய்லர், ஃபர்னஸ், கோஜெனரேஷன் (மின்சாரமும் வெப்பமும் சேர்த்து எடுப்பது), ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று கருவிவாரியாக அத்தியாயங்கள். ஒவ்வொன்றிலும் சோதனை முறை, சூத்திரம், தீர்த்த கணக்கு. பாய்லர் மறைமுக முறைக்கு (இழப்புகளைக் கழித்து எஃபிஷியன்சி காண்பது) இதைவிடத் தெளிவான பக்கங்கள் தேர்வுக்குத் தேவையில்லை. பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது. மொபைலை உள்ளே விடமாட்டார்கள், அச்சிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆனால் எந்தப் பதிப்பு என்று பார்த்து அச்சிடுங்கள். ஒரு கிலோ எரிபொருளுக்குத் தேவையான காற்றுக்கு, புதிய வடிவம் 11.6 × கார்பன் + 34.8 × (ஹைட்ரஜன் − ஆக்சிஜன்/8) + 4.35 × சல்பர், எல்லாவற்றையும் 100ஆல் வகுத்து. கைமாறிக் கைமாறி வரும் பழைய ஜெராக்ஸ்களிலும் குறிப்புகளிலும் 11.43, 34.5, 4.32 என்று இருக்கும். காற்றில் ஆக்சிஜன் எடையில் 23 சதவீதம் என்று எடுத்தால் முதல் வரிசை வரும். சற்றுக் கூட்டி எடுத்தால் இரண்டாவது. கார்பன் 84, ஹைட்ரஜன் 12, சல்பர் 3, ஆக்சிஜன் 1 சதவீதம் உள்ள எண்ணெய்க்கு முதலாவதில் 14.01 கிலோ, இரண்டாவதில் 13.83. எதைப் பயன்படுத்தினாலும் சூத்திரத்தை விடைத்தாளில் எழுதிவிட்டு எண்களைப் போடுங்கள். ஒரே விடையில் இரண்டையும் கலக்காதீர்கள். புகைவாயுவின் தன்வெப்பத்துக்கும் இதே கதைதான்: நூலிலோ குறிப்பிலோ 0.23, 0.24 என்று எது இருந்தாலும் கேள்வியில் கொடுத்த மதிப்பையே எடுக்க வேண்டும்.

அதே பாய்லர் கணக்கில் பலரும் சறுக்குவது ஹைட்ரஜன் இழப்பில், அதாவது எரிபொருளின் ஹைட்ரஜன் எரிந்து உண்டாகும் நீராவி கொண்டுபோகும் வெப்பத்தில். 9 × ஹைட்ரஜன் × {584 + 0.45 × (புகை வெப்பநிலை − சுற்றுப்புற வெப்பநிலை)}, அதை ஜிசிவியால் (எரிபொருளின் மொத்த வெப்ப மதிப்பு) வகுத்து 100ஆல் பெருக்குவது. இங்கே ஹைட்ரஜனை 12 என்று போடக்கூடாது, 0.12. மேலே காற்றுக் கணக்கில் சதவீதமாகவே போட்ட கை இங்கேயும் அப்படியே போட்டுவிடும். நூலின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘பின்னம்’ என்று எழுதி வையுங்கள்.

இரண்டாம், மூன்றாம் வழிகாட்டி நூல்களை முழுதாகத் தூக்க வேண்டாம். இரண்டாவதில் ஸ்டீம், இன்சுலேஷன் பகுதிகள். மூன்றாவதில் கம்ப்ரஸர், பம்ப், ஏசி பகுதிகள். இவற்றை மட்டும் அச்சிட்டால் போதும். மற்றவை முதல் மூன்று தாள்களுக்காக ஏற்கெனவே தலையில் இருக்க வேண்டியவை.

ஸ்டீம் டேபிளை (நீராவிப் பண்புகளின் அட்டவணை) கல்லூரிக் கால ஞாபகத்தில் எடுத்துப் போகாதீர்கள். அழுத்தவாரியான அட்டவணை, வெப்பநிலைவாரியான அட்டவணை, சூப்பர்ஹீட் அட்டவணை மூன்றும் உள்ள மெல்லிய நூலே சிறந்தது. அதன் முதல் பக்கத்திலேயே இரண்டு வரி எழுதுங்கள்: ஒரு கிலோ கலோரி 4.187 கிலோ ஜூல். அட்டவணையில் இருப்பது அப்சொல்யூட் அழுத்தம். ஆலையில் ‘பத்து கிலோ ஸ்டீம்’ (சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ) என்றால் அது கேஜ் அழுத்தம், வளிமண்டல அழுத்தம் அதில் சேராது. 10 பார் வரிசையைப் பார்த்தால் நீரின் என்தால்பி (அடங்கியிருக்கும் வெப்பம்) கிலோவுக்கு 763 கிலோ ஜூல். உண்மையில் பார்க்க வேண்டியது 10.8 பார், ஏறத்தாழ 778. மொத்த ஸ்டீம் என்தால்பியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, அதனால் பாய்லர் எஃபிஷியன்சி தப்பித்துக்கொள்ளும். கண்டென்சேட்டை (நீராவி குளிர்ந்து வரும் சூடான நீர்) வளிமண்டல அழுத்தத்துக்கு விடும்போது அதில் எவ்வளவு மீண்டும் ஆவியாகும் என்று காணும் ஃபிளாஷ் ஸ்டீம் கணக்கில்தான் அடி விழும்: 15.2 சதவீதம் வருகிறது, வர வேண்டியது 15.9.

அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுகளில் பயன்படுத்திய வெப்பப் பரிமாற்ற டேட்டா புக்கை வீட்டிலேயே வைத்துவிடலாம். நல்ல நூல்தான், ஆனால் இந்தத் தேர்வு கேட்பது எல்எம்டிடியும் (மடக்கைச் சராசரி வெப்பநிலை வித்தியாசம்) வெப்பச் சமநிலையும், பாடநூல் வெப்பப் பரிமாற்றக் கணக்குகளில் வரும் நஸல்ட் எண் அல்ல.

பழைய கேள்வித்தாள்களைத் தீர்வுகளோடு எடுத்துப் போவது நல்லதுதான், ஒரு நிபந்தனையோடு: ஆண்டுவாரியாக அல்லாமல் கருவிவாரியாகப் பிரித்து அடுக்கியிருக்க வேண்டும். ஆண்டுவாரியான கட்டு தேர்வறையில் செங்கல்தான். கடைகளில் விற்கும் தீர்வுத் தொகுப்புகளில் அச்சுப்பிழை சகஜம். நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்த கணக்குக்கு மட்டும் டிக் போட்டு, டிக் இல்லாததைக் கிழித்து எறியுங்கள்.

நான்காவது பெரிய கணக்கில் தொழில்துறை வாரியாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்டு. சிமெண்ட் ஆலைக்காரர் சிமெண்டையே எடுப்பார், சரிதான். அதற்கு வாயு அடர்த்தியைத் திருத்தும் வரி கையில் வேண்டும்: இயல்புநிலை அடர்த்தி × 273/(273 + வெப்பநிலை) × (10,333 ± நிலை அழுத்தம்)/10,333. அழுத்தம் நீர்த்தூண் மில்லிமீட்டரில். ப்ரீஹீட்டர் (மூலப்பொருளை முன்கூட்டிச் சூடாக்கும் பகுதி) வெளிவாயில் உறிஞ்சும் பக்கம், எனவே அங்கே கழித்தல்.

இவை எல்லாவற்றையும்விட உயர்ந்த இடம் நீங்களே கையால் எழுதும் சூத்திரக் கட்டுக்குத்தான். கருவிக்கு ஒரு பக்கம். சூத்திரம், ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிட், கீழே ஒரு சிறு கணக்கு. கடைசிப் பக்கத்தில் மாற்றெண்கள்: ஒரு கிலோவாட் மணிக்கு 860 கிலோ கலோரி, ஒரு டன் குளிரூட்டல் மணிக்கு 3,024 கிலோ கலோரி, விசிறியின் கிலோவாட் கணக்கில் வகுக்கும் எண் 102. எல்எம்டிடி பக்கத்தில் ஒரு எச்சரிக்கையும் எழுதுங்கள்: விடை இரண்டு வெப்பநிலை வித்தியாசங்களுக்கும் நடுவில்தான் விழ வேண்டும். 60, 30 என்றால் 43.3. கால்குலேட்டரில் இயல் மடக்கைக்குப் பதில் பத்தடி மடக்கை அமுக்கினால் கிட்டத்தட்ட 99.7 வரும், உடனே பிடித்துவிடலாம். கால்குலேட்டர் ப்ரோகிராம் வசதி இல்லாததாக இருக்கட்டும்.

கட்டும்போது ஸ்பைரல்தான். ஒட்டு பைண்டிங் போட்ட நூல் விரித்து வைத்தால் தானே மூடிக்கொள்ளும், இன்னொரு கை அதற்கே போய்விடும். தேர்வறை மேசை குறுகியது. ஒரு நேரத்தில் ஒரு நூல்தான் விரியும். வண்ண ஒட்டுச்சீட்டுகளை மேல் ஓரத்தில் வேண்டாம், வலது ஓரத்தில் படிக்கட்டுபோல் இறக்கி ஒட்டி, கருவியின் பெயரை இரு பக்கமும் எழுதுங்கள். தனித்தாள் எதையும் விடாமல் கட்டோடு சேர்த்துக் கோத்துவிடுங்கள். மின்விசிறிக் காற்றில் பறந்த தாளைக் குனிந்து எடுப்பதைக் கண்காணிப்பாளர் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.