எச்.ஐ.வி. தடுப்பு: தினசரி மாத்திரையா, ஆறு மாத ஊசியா?

தினசரி மாத்திரைக்கு அமெரிக்கா 2012-லேயே அனுமதி தந்துவிட்டது. சரியாகச் சாப்பிட்டால் நன்றாகவே காக்கும். ஆனால் நாள் தவறாமல் சாப்பிடுவதுதான் கஷ்டம். கைப்பையில் குலுங்கும் டப்பாவை வீட்டில் யாராவது பார்த்துவிட்டால் என்ன பதில் சொல்வது? அந்தப் பயத்திலேயே நிறுத்திவிடும் பெண்கள் உண்டு.

லெனகாபவிர் ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கு அடியில் போடுவார்கள். ஒளித்துவைக்க எதுவும் இல்லை. தென்னாப்பிரிக்கா, உகாண்டாவில் நடந்து 2024-இல் முடிவு வெளியான ஆய்வில், ஊசி போட்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. தினசரி மாத்திரை தரப்பட்ட 1,068 பேரில் 16 பேருக்கு வந்தது; அந்தக் குழுவில் பெரும்பாலோர் தொடர்ந்து சாப்பிடவில்லை.

மருத்துவமனை தொலைவில் இருப்பவர்களுக்கு நான் ஊசியைத்தான் சொல்வேன். ஆனால் அடுத்த தவணையைத் தவறவிடக் கூடாது. மருந்து உடலில் மெல்லக் குறையும் சமயத்தில் தொற்றினால், வைரஸ் அதற்குக் கட்டுப்படாததாக மாறிவிடலாம்.