பழமையிலிருந்து இன்றுக்கா, இன்றிலிருந்து பழமைக்கா? தொடக்க வகுப்பில் வரலாறு

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுப்பதற்கு என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பாடநூலின் வரிசையிலேயே பழங்காலத்தில் தொடங்கி, மூவேந்தர்களைக் கடந்து, விடுதலைப் போராட்டம் வரை வருவது. மற்றொன்று, பிள்ளையின் வீட்டில் தொடங்கி, தாத்தா பாட்டி காலம், அதற்கும் முந்தைய காலம் என்று ஊரைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போவது. சென்னிமலைப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் முதல் வழியில் ஒன்பது ஆண்டுகளும் இரண்டாம் வழியில் நான்கு ஆண்டுகளும் கற்பித்த பிறகு, இரண்டாவதையே என் வழியாகக் கொண்டிருக்கிறேன்.

முதல் வழியின் நன்மைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பருவத் தேர்வுக்கு அது நேராகப் பொருந்துகிறது. ஆண்டு நடுவில் வேறு பள்ளிக்கு மாறிச் செல்லும் பிள்ளைக்குப் பாடம் விட்டுப்போவதில்லை. இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியருக்கு ஆயத்த வேலையும் குறைவு. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் காலக் கணக்கு என்ற ஓர் இடத்தில் அந்த வழி எனக்குக் கைகொடுக்கவே இல்லை, என் முடிவும் அந்த இடத்தில்தான் மாறியது.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 'இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு' என்பது வெறும் சொல். பெரிய எண்களைக் கூட்டவும் கழிக்கவும் தெரியும். அந்த எண் எவ்வளவு நீளமான காலம் என்று தெரியாது. கி.மு. என்று எழுதிவிட்டால் குழப்பம் இன்னும் பெருகும். கி.மு. 500, கி.மு. 300 இவற்றில் எது முந்தியது என்று கேட்டால், 300 சின்ன எண், ஆகவே அதுதான் முந்தியது என்று பெரும்பாலான பிள்ளைகள் விடை சொல்வார்கள். இதில் பிள்ளைகள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பூச்சியத்துக்குக் கீழே எண்கள் இறங்குவதை அவர்கள் கணக்குப் பாடத்தில் படிப்பதே ஆறாம் வகுப்பில்தான். கரிகாலனைப் பற்றிப் பாடம் நடத்தி முடித்த ஒரு நாள், முன்வரிசையில் இருந்த சிறுவன் எழுந்து, "ஏனுங்க டீச்சர், அப்ப எங்க அப்பாரு பொறந்துட்டாங்களா?" என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த மிகப் பழைய மனிதர் அவனுடைய அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா. அவரை அளவுகோலாக வைத்துத்தான் அவனால் கேட்க முடிந்தது. அந்த அளவுகோலை நான் அவனுக்கு நீட்டித் தராமலே ஒன்பது ஆண்டுகளை ஓட்டியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு ஒரு தேங்காய் நார்க் கயிறு வாங்கினேன். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டுகள் என்றும், ஒரு தலைமுறைக்கு ஒரு சாண் என்றும் வைத்துக்கொண்டோம். யாருடைய சாண் என்று முதல் நாளே வழக்கு வந்ததால், ஒன்பது அங்குலத்துக்கு ஒரு குச்சியை நறுக்கி அதையே அளவாக்கினோம். கயிற்றின் ஒரு முனை இன்றைய நாள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதற்குரிய இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டோம். பிள்ளைகளின் பிறந்த ஆண்டுகள் எல்லாம் முதல் அரைச் சாணுக்குள் அடங்கிவிடுகின்றன. 1955இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணை மூன்றாவது சாணுக்குள் வருகிறது. தங்கள் சென்னிமலையிலேயே பிறந்த கொடிகாத்த குமரன் 1932இல் உயிர் நீத்தது நான்காவது சாணுக்குள். சங்ககிரியில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட 1805 ஒன்பதாவது சாணுக்குள் விழுகிறது. 1283இல் வெட்டி முடித்ததாகச் சொல்லப்படும் காலிங்கராயன் வாய்க்காலுக்கு முப்பதாவது சாண் வரை நடக்க வேண்டும். நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் கல்மணிகளைத் தேய்த்தும் இரும்பை உருக்கியும் பிழைத்தவர்களின் காலம் எண்பது சாணுக்கு, அதாவது 60 அடிக்குப் போகிறது. பள்ளித் தாழ்வாரம் போதாமல் கயிறு வேப்பமரத்தையும் தாண்டித் தண்ணீர்த் தொட்டி வரை சென்றது. அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமி, தான் பிறந்த முடிச்சைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இத்தனை தூரத்துலயும் ஆளுங்க இருந்தாங்களாங்க டீச்சர்?" என்றாள்.

ஒன்பதாவது சாணுக்கும் முப்பதாவதுக்கும் நடுவே வெறும் கயிறாகக் கிடந்த இடத்தைப் பற்றிப் பிள்ளைகள் தாமாகவே கேட்கத் தொடங்கினார்கள். விஜயநகரம், மதுரை நாயக்கர், மைசூர் என்று நான் சொன்ன பெயர்கள் அப்போது அந்த வெற்றிடங்களில் போய் அமர்ந்தன. முன்பு அதே பெயர்களை மனப்பாடமாகச் சொன்ன பிள்ளைகளிடம் திப்பு முந்தியவரா காலிங்கராயர் முந்தியவரா என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். இப்போது வகுப்பில் அந்தத் தவறு அரிதாகவே நேர்கிறது.

அண்மைக் காலத்துக்கு உரிய செய்திகளைப் பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள். மின்மோட்டார் வருவதற்கு முன் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்ததையும், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு மேட்டுக்காடு வயலானதையும் அம்மா வழித் தாத்தா பாட்டியான அப்புச்சியிடமும் அம்முச்சியிடமும் கேட்டு எழுதி வருவார்கள். கவலை ஓட்டியவர் ஒருவர், நிலத்துக்கு உரியவர் வேறொருவர் என்ற உண்மையும் அந்த நோட்டுகளில் வந்துவிடும். ஒரே காலத்தை இரண்டு வீடுகள் இரண்டு விதமாக நினைவில் வைத்திருப்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை புரிந்துகொள்கிறது.

இந்த வழியில் இடறும் இடமும் உண்டு. கொங்கு நாட்டில் பல ஊர்களில், புலியோடு போரிட்ட வீரர்களின் நினைவாக நட்ட புலிகுத்திக் கற்கள் இருக்கின்றன. எங்கள் பள்ளிக்கு அருகே கிளுவை வேலி ஓரத்திலும் ஒன்று சாய்ந்து நிற்கிறது. பாய்ந்து எழும் புலியின் மார்பில் ஒரு வீரன் ஈட்டியை இறக்குகிறான். அதில் எழுத்து எதுவும் இல்லை. பார்த்துவிட்டு வந்த மறுநாள், அந்த வீரன் தங்கள் முன்னோன் என்று இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வாதிட்டார்கள். ஊர் வரலாறு குலப் பெருமையாக வழுக்கிவிட அதிக நேரம் ஆகாது. ஆசிரியர் கவனமாக இல்லையென்றால், எந்தக் கல்லிலும் பெயர் இல்லாத வீட்டுப் பிள்ளை தனக்கு வரலாறே இல்லை என்று எண்ணிவிடும். பாடநூல் வரிசையில் இந்த அபாயம் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் செய்தது இவ்வளவுதான்: கல் நமக்குக் காட்டுவது என்ன, நாம் அதன் மேல் ஏற்றிச் சொல்வது என்ன என்று கரும்பலகையில் இரண்டு பத்திகளாக எழுதச் சொன்னேன். ஈட்டி, புலி, கொண்டை முதல் பத்தியில் வந்தன. முன்னோன் இரண்டாம் பத்திக்குப் போனான்.

என் அனுபவம் எட்டாத இடங்களும் உள்ளன. மூன்றாம் வகுப்பில் ஒரே ஆண்டுதான் கயிற்றைப் பயன்படுத்தினேன். அங்கே ஐந்தாறு முடிச்சுகளுக்கு மேல் பிள்ளைகளின் கவனம் நிற்கவில்லை. பின்னலாடை வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்திருக்கும் திருப்பூர்ப் பள்ளிகளில் இந்த வழி எப்படி நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். எங்கள் பள்ளியில் அப்படி இரண்டு பேர் படித்தார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டியிடம் கைப்பேசியில் கேட்டு வரச் சொன்னோம். ஒருத்திக்கு நன்றாக அமைந்தது, மற்றவனுக்கு அமையவில்லை.

பாடநூல் வரிசையை நான் முழுவதும் கைவிடவில்லை. மூன்றாம் பருவத்தில் கயிற்றின் மறுமுனையிலிருந்து இன்றைய முனைக்கு எல்லோரும் ஒருமுறை நடந்து வருகிறோம். எட்டு ஒன்பது பாடவேளைகளில் நூலின் வரிசை முழுவதும் அதில் முடிந்துவிடுகிறது, தேர்வுக்கும் அது போதுமானதாக இருந்திருக்கிறது. பிறகு அந்த ஆண்டுப் பிள்ளைகள் தங்கள் முடிச்சுகளை மட்டும் அவிழ்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டி அலமாரியில் வைப்பார்கள். காலிங்கராயன் முடிச்சும் கொடுமணல் முடிச்சும் நான்கு ஆண்டுகளாக அவிழ்க்கப்படாமல் இறுகிக் கிடக்கின்றன.