வீட்டு வைஃபையில் சேர மறுக்கும் ஸ்பீக்கர்: எந்த வழி முதலில், எந்த வழி கடைசியில்?

வைஃபை ஸ்பீக்கர் வீட்டு இணைப்பில் சேரவில்லை என்றால் நம் முன் பல வழிகள் இருக்கின்றன. ஸ்பீக்கரை முழுவதுமாக ரீசெட் செய்யலாம், ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்குத் தனித்தனிப் பெயர் கொடுக்கலாம். விருந்தினருக்கான தனி வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்க்கலாம். பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3-இலிருந்து டபிள்யூபிஏ2-க்கு மாற்றலாம். வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் எக்ஸ்டெண்டரோ, பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ்ஷோ வாங்கி வைக்கலாம். யாரிடம் கேட்டாலும் இவை எல்லாமே சம எடையுள்ள யோசனைகளாகத்தான் சொல்லப்படுகின்றன. ஆனால் இவற்றில் ஒன்று, செய்த பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியாதது. இன்னொன்று, ஸ்பீக்கரைச் சரிசெய்த கையோடு வீட்டிலுள்ள டிவியையும் கேமராவையும் துண்டித்துவிடக் கூடியது. வேறொன்று, பணத்தைச் செலவழித்த பிறகும் சிக்கலை அப்படியே விட்டுவைக்கக் கூடியது. எனவே பலன் கிடைக்கும் வாய்ப்பு, பக்கவிளைவு, பழைய நிலைக்குத் திரும்பும் வசதி ஆகிய மூன்றையும் வைத்துத்தான் இவற்றை ஒப்பிட வேண்டும்.

அதற்கு முன் ஒரு பிரிவினை அவசியம். "இணையவில்லை" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு கோளாறுகளை. ஸ்பீக்கர் ரவுட்டரோடு சேரவே இல்லை என்பது ஒன்று. சேர்ந்துவிட்டது, ஆனால் கைப்பேசியிலுள்ள செயலிக்கு அது தென்படவில்லை என்பது மற்றொன்று. செயலி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே செய்தியைத்தான் காட்டும். வேறுபாட்டை அறிய, உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் திறந்து, இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். அந்த முகவரி பல வீடுகளில் 192.168.1.1 ஆகவும், ஜியோஃபைபர் இணைப்பில் 192.168.29.1 ஆகவும் இருக்கும். பட்டியலில் ஸ்பீக்கர் இருந்தால் கடவுச்சொல்லும் அலைவரிசையும் பாதுகாப்பு முறையும் சரியாகவே உள்ளன என்று பொருள். அவற்றில் கைவைக்கத் தேவையில்லை. இல்லையென்றால்தான் கீழே வரும் ஒப்பீட்டின் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ரீசெட். எளிது, செலவில்லை, ஒரு பொத்தானைச் சில நொடிகள் அழுத்தினால் போதும் என்பதால் எல்லோரும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் சேமித்து வைத்திருந்த வைஃபை பெயர், கடவுச்சொல், கணக்கு, அறைப் பெயர், குழு அமைப்பு எல்லாம் இதில் அழிந்துவிடும். கோளாறு ரவுட்டரில் இருந்தால் ரீசெட்டால் எதுவும் மாறாது. முன்பாவது நினைவில் வைத்திருந்த இணைப்பு விவரம் ஸ்பீக்கரில் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. 2025 மார்ச் 9 அன்று தொடங்கிய குரோம்காஸ்ட் கோளாறு இதற்குச் சரியான சான்று. டிவியில் செருகிக் கைப்பேசியிலிருந்து படம் பார்க்க உதவும் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்டும், சாதாரண ஸ்பீக்கரை வைஃபை ஸ்பீக்கராக மாற்றும் குரோம்காஸ்ட் ஆடியோவும் உலகெங்கும் ஒரே நேரத்தில் செயலிழந்தன. சாதனங்களின் நம்பகத்தன்மையை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியானதே காரணம். ரீசெட் செய்ய வேண்டாம் என்று கூகுள் அறிவித்தது; அதற்குள் அவசரப்பட்டு ரீசெட் செய்துவிட்டவர்கள் சாதனத்தை மீண்டும் அமைக்க முடியாமல் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தது. வீட்டு வைஃபைக்கும் அந்தக் கோளாறுக்கும் தொடர்பே இல்லை. ரீசெட்டை நான் கடைசி வழியாக வைப்பதற்கு இதுவே காரணம்.

ரீசெட்டுக்குப் போட்டியாக நான் முன்வைப்பது ஹாட்ஸ்பாட் சோதனை. இதற்கு இரண்டு கைப்பேசிகள் வேண்டும். ஒன்றில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அதற்கு வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே கொடுத்து, அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸாக வைத்துவிட்டு, வீட்டு ரவுட்டரை அணைக்க வேண்டும். ஏற்கெனவே வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் என்றால், அது ஹாட்ஸ்பாட்டை வீட்டு வைஃபை என்றே எடுத்துக்கொண்டு தானாகச் சேர்ந்துவிடும்; புதிய ஸ்பீக்கர் என்றால் இரண்டாவது கைப்பேசியின் செயலி வழியே சேர்க்கலாம். சேர்ந்துவிட்டால் ஸ்பீக்கரில் பழுதில்லை, ரவுட்டரின் அமைப்பிலோ அது இருக்கும் தூரத்திலோதான் சிக்கல் என்பது உறுதியாகிவிடும். இங்கேயும் சேரவில்லை என்றால் மட்டுமே ரீசெட் பக்கம் போகலாம். ரீசெட் எதையும் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. இந்தச் சோதனை சொல்லிவிடும், எதையும் அழிக்காமல்.

ரவுட்டரில்தான் சிக்கல் என்று தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது அலைவரிசை. பழைய, விலை குறைந்த ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே புரியும். இன்றைய ரவுட்டர்களோ இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயரை வைத்து, வரும் சாதனங்களை 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் தள்ளப் பார்க்கின்றன. சில ஸ்பீக்கர்களை முதன்முதலாக அமைக்கும்போது, கைப்பேசி தன் வைஃபை வழியாகவே கடவுச்சொல்லைக் குறிமுறையாக ஒலிபரப்பும். கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் 2.4-இல் காத்திருக்கும் ஸ்பீக்கருக்கு அது எட்டாது. இதற்கு மூன்று தீர்வுகள் போட்டியிடுகின்றன. கைப்பேசியையும் ஸ்பீக்கரையும் ரவுட்டரிலிருந்து இரண்டு சுவர் தள்ளி எடுத்துச் சென்று அமைப்பது முதலாவது. 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களில் சீக்கிரம் வலுவிழப்பதால் கைப்பேசி தானே 2.4-க்கு இறங்கிவிடும். ரவுட்டரில் எதையும் தொட வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு. உறுதியாகப் பலிக்கும் என்று சொல்ல முடியாதது இதன் குறை. 5 கிகாஹெர்ட்ஸைச் சிறிது நேரம் அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் சேர்ந்ததும் மீண்டும் இயக்குவது இரண்டாவது. இது பெரும்பாலும் பலிக்கும். ஆனால் ஸ்பீக்கரைப் புதிதாக அமைக்க நேரும் ஒவ்வொரு முறையும் இதையே செய்ய வேண்டும்.

மூன்றாவதான பெயர்ப் பிரிப்பையே நான் பரிந்துரைக்கிறேன், அதுவும் ஒரு குறிப்பிட்ட முறையில். பலர் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் பழைய பெயரை விட்டுவிட்டு 2.4-க்குப் புதுப்பெயர் கொடுக்கிறார்கள். அப்போது 2.4-ஐ நம்பியிருக்கும் பல்பு, கேமரா, பிளக் எல்லாம் பெயர் தெரியாமல் துண்டிக்கப்படும். ஒவ்வொன்றையும் மறுபடி அமைக்க வேண்டிவரும். மாறாக, பழைய பெயரை 2.4-க்கே விட்டுவிட்டுப் புதுப்பெயரை 5-க்குக் கொடுத்தால் கைப்பேசியிலும் டிவியிலும் ஒரு முறை கடவுச்சொல்லைத் தட்டினால் போதும். பெயர் பிரிந்துவிட்டால் 5-இல் உள்ள கைப்பேசிக்கு 2.4-இல் உள்ள ஸ்பீக்கர் தெரியாது என்று அஞ்ச வேண்டியதில்லை. பெயர்கள்தான் வேறு, ரவுட்டருக்குள் இரண்டும் ஒரே உள்வலையமைப்பு, அதாவது வீட்டுச் சாதனங்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரே வலை. அதிவேகமும் நீண்ட எட்டும் தானாக மாறிக்கொள்ளும் வசதியைக் கைப்பேசி இழக்கும் என்பது மட்டுமே இதில் நேரும் நட்டம்.

கெஸ்ட் நெட்வொர்க்கைப் பலர் இதற்கு மாற்றாகச் சொல்கிறார்கள். ரவுட்டரின் முதன்மை அமைப்பைத் தொடாமல், 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒரு தனி இணைப்பை உருவாக்கலாம் என்பதும், மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன சாதனங்களை வீட்டுக் கணினியிலிருந்து விலக்கி வைக்கலாம் என்பதும் உண்மையான நன்மைகள். ஆயினும் விருந்தினரை வீட்டுச் சாதனங்களிலிருந்து பிரித்து வைப்பதே கெஸ்ட் நெட்வொர்க்கின் வேலை. கைப்பேசியிலிருந்து பாட்டை ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஏர்ப்ளே, குரோம்காஸ்ட் போன்றவை அந்த ஸ்பீக்கரைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் எம்டிஎன்எஸ் அழைப்பு, உள்வலையமைப்பைத் தாண்டிச் செல்லாது. எனவே குரலால் மட்டுமே கட்டளையிடும் வீட்டுக்கு கெஸ்ட் நெட்வொர்க் பொருந்தும். கைப்பேசியிலிருந்து பாட்டை அனுப்பிக் கேட்பவர்களுக்குப் பொருந்தாது.

பாதுகாப்பு முறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். டபிள்யூபிஏ3 வந்தது 2018-இல். அதற்கு முன் தயாரான ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் டபிள்யூபிஏ2-ஐ மட்டுமே அறியும். ரவுட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் அவை சேரவே முடியாது. இரண்டும் கலந்த முறையை முதலில் முயன்று, அதிலும் தடுமாறினால், பெயர் பிரித்த 2.4-ஐ மட்டும் ஏஇஎஸ் குறியாக்கத்துடன் கூடிய டபிள்யூபிஏ2-இல் வைக்கலாம். பாதுகாப்பையே நீக்கித் திறந்த இணைப்பாக விடுவதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது.

அலைவரிசைக்குள் இருக்கும் சிறு தடமான சேனலும், வைஃபையின் பெயரும் பலர் கண்ணில் படாத காரணங்கள். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு; அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரானவை பொதுவாக 11 வரைதான் பார்க்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிந்து, நம் வீட்டுடையது மட்டும் தெரியாமல் இருந்தால், நம் ரவுட்டர் தானியங்கித் தேர்வில் 12 அல்லது 13-இல் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிட்டால் போதும். வைஃபை பெயருக்கான இடம் 32 பைட்டுகள். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது, புள்ளியும் துணைக்கால்களும் தனித்தனியே கணக்காகும். "அம்மா வீடு" என்ற பெயரே 28 பைட்டுகளை நிரப்பிவிடும். கைப்பேசிக்கு இது சிக்கலே இல்லை. சில ஸ்பீக்கர்களின் எளிய மென்பொருளோ ஆங்கில எழுத்தும் எண்ணும் தவிர வேறெதையும் சரியாகக் கையாள்வதில்லை. தமிழில் பெயர் வைக்க விரும்புவோர் 5 கிகாஹெர்ட்ஸுக்கு வைத்துக்கொண்டு, 2.4-க்கு எளிய ஆங்கில எழுத்துப் பெயரை விடுவது நல்லது.

ஸ்பீக்கர் பட்டியலில் இருந்தும் செயலிக்குத் தெரியாத இரண்டாம் வகைக் கோளாறில், ரவுட்டரை மாற்றுவதைவிடக் கைப்பேசியைச் சோதிப்பதே பலன் தரும். ஐஃபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், உள்வலையமைப்பைத் தேடச் செயலிக்குத் தனி அனுமதி வேண்டும். ஆண்ட்ராய்டில் இருப்பிட அனுமதியையும், 13-ஆம் பதிப்பு முதல் அருகிலுள்ள சாதனங்களுக்கான அனுமதியையும் பார்க்க வேண்டும். இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியே திருப்பும் விபிஎன் ஓடினால் நிறுத்த வேண்டும். இணைய நிறுவனம் தந்த பெட்டியிலும் வைஃபை, நாம் வாங்கிய ரவுட்டரிலும் வைஃபை என்று இருக்கும் வீடுகளில், கைப்பேசி ஒன்றிலும் ஸ்பீக்கர் மற்றதிலும் இருந்தால் ஒன்றையொன்று பார்க்காது. இரண்டாவது ரவுட்டரை, தனி வலையமைப்பை உருவாக்காமல் வைஃபையை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் இரண்டும் ஒரே வலையமைப்பாகிவிடும்.

பணம் செலவாகும் வழிகள் இதற்கெல்லாம் பிறகுதான். ரவுட்டர் ஹாலின் மூலையிலும் ஸ்பீக்கர் சமையலறையிலும் இருக்க, நடுவே கான்கிரீட் சுவரும் இரும்பு பீரோவும் நின்றால், கைப்பேசியில் கோடுகள் நிறையத் தெரிந்தாலும் சிறிய ஆன்டெனா கொண்ட ஸ்பீக்கர் திணறும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்குவதால், அதன் பக்கத்தில் வைத்த ஸ்பீக்கர் அடுப்பு ஓடும்போதெல்லாம் துண்டிக்கப்படலாம். ஸ்பீக்கரை முதலில் ரவுட்டருக்கு அருகே கொண்டுவந்து பார்க்க வேண்டும். அங்கே சேர்ந்துவிட்டால் மட்டுமே தூரம்தான் காரணம். எக்ஸ்டெண்டர் வேகத்தைப் பாதியாக்கும் என்பது அதன்மேல் வைக்கப்படும் வழக்கமான குறை. சுருக்கப்பட்ட இசைக்கு நொடிக்கு 320 கிலோபிட்டும், குறுந்தகட்டுத் தரத்துக்கு 1,411 கிலோபிட்டும் போதும் என்பதால் ஒற்றை ஸ்பீக்கருக்கு அது பொருட்டல்ல. பல அறைகளில் ஸ்பீக்கர்கள் ஒத்திசைந்து ஒலிக்க வேண்டுமென்றால் மெஷ் சீராக இயங்கும். சோனோஸ் ஒன் போல லேன் துளையுள்ள ஸ்பீக்கராக இருந்தால், இரண்டையும் வாங்குவதற்கு முன் சுவரோரமாக ஒரு கேபிளை இழுத்துப் பார்ப்பதே நல்லது. மேலே சொன்ன அலைவரிசை, சேனல், பாதுகாப்பு முறை ஆகிய எதுவும் அதில் குறுக்கிடாது.