தரையில் நின்று பார்ப்பதா, எலெக்ட்ரானோடு ஓடிப் பார்ப்பதா?

பள்ளி ஆய்வகத்தில் பலரும் செய்து பார்த்த சோதனைதான். செம்புக் கம்பிச்சுருளின் இரண்டு முனைகளையும் மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரில் மாட்டிவிட்டு, சட்டகாந்தத்தைச் சுருளுக்குள் சட்டென்று நுழைத்தால் முள் ஒரு பக்கம் துள்ளும். அப்புறம் காந்தத்தை அசையாமல் வைத்துவிட்டு, சுருளை அதே வேகத்தில் அதன் மேல் இறக்கினால்? அதே பக்கம், அதே துள்ளல். யார் அசைந்தார்கள் என்று முள் கேட்பதில்லை.

கேட்பது பாடப்புத்தகம்தான். காந்தம் அசைந்தால், மாறும் காந்தப்புலம் ஒரு மின்புலத்தை உண்டாக்கி எலெக்ட்ரான்களைத் தள்ளுகிறது என்பார்கள். சுருள் அசைந்தால் மின்புலம் என்ற பேச்சே இல்லை, கம்பியோடு நகரும் எலெக்ட்ரான்களைக் காந்தவிசை தள்ளுகிறது என்பார்கள். ஒரே துள்ளலுக்கு இரண்டு கதை. ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த இந்தத் தூண்டல், 1905-இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைனை உறுத்தியது. சிறப்புச் சார்பியல் கட்டுரையை அவர் தொடங்கியதே இந்த முரணைச் சொல்லித்தான்.

சரி, இரண்டு கதைகளில் எது மேல்? இன்னும் எளிய ஒரு அமைப்பில் இரண்டையும் மோதவிடலாம். நீளமான செம்புக் கம்பி ஒன்று, குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீட்டர், மின்னோட்டம் 1 ஆம்பியர். கம்பிக்கு வெளியே தனியாக ஒரு எலெக்ட்ரான், உள்ளே நகரும் எலெக்ட்ரான்களின் திசையிலேயே, அதே வேகத்தில், இணையாகப் போகிறது.

தரையில் நிற்பவருக்குக் கணக்கு சுலபம். கம்பியில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமம், ஆகவே மின்விசை பூஜ்யம். மின்னோட்டம் இருப்பதால் காந்தப்புலம் உண்டு. அதில் நகரும் எலெக்ட்ரான் கம்பியை நோக்கி இழுபடுகிறது. இரண்டு வரியில் முடிந்தது.

எலெக்ட்ரானோடு கூடவே ஓடுபவருக்கோ அந்த எலெக்ட்ரான் நிற்கிறது. நிற்கும் மின்னூட்டத்தின் மேல் காந்தவிசை செயல்படாது. ஆனாலும் அது கம்பியை நோக்கிப் போகிறது. எப்படி? அவர் பார்வையில் பின்னோக்கி ஓடுவது செம்பின் நேர் அயனிகள். ஓடும் பொருள் நீளத்தில் சுருங்கும் என்பது சார்பியல் விதி. எனவே அயனிகளின் இடைவெளி குறைந்து, நேர் மின்னூட்டம் சற்றே நெருக்கமாகிறது. கம்பி எலெக்ட்ரான்கள் தரையில் நிற்பவருக்கு ஓடுபவை, இவருக்கோ நிற்பவை, ஆகவே அவற்றின் இடைவெளி சற்றே கூடுகிறது. மொத்தத்தில் கம்பி இலேசாக நேர் மின்னூட்டம் பெற்றுவிட்டது. எலெக்ட்ரானை இழுப்பது சாதாரண மின்விசை.

“இலேசாக” என்றேன். எவ்வளவு இலேசு என்று பார்த்தால் தலை சுற்றும். இந்தக் கம்பியில் எலெக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம், அதாவது அவை சராசரியாக நகரும் வேகம், வினாடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர். எறும்பு சிரிக்கும். ஓடுபவர் பார்க்கும் உபரி மின்னூட்டத்தைக் கணக்கிட்டால், 200 மீட்டர் கம்பிக்குச் சுமார் ஒரே ஒரு எலெக்ட்ரானின் மின்னூட்ட அளவுதான் தேறும்! இது எப்படி எதையாவது அசைக்கும்? எண்ணிக்கையால்தான். வெளியே ஒற்றை எலெக்ட்ரானுக்குப் பதில் 1 மீட்டர் தள்ளி அதே மாதிரி இன்னொரு கம்பியை வைத்தால், அதன் ஒவ்வொரு மீட்டரிலும் 8.5 × 10²² எலெக்ட்ரான்கள். எல்லாமாகச் சேர்ந்து மீட்டருக்கு 2 × 10⁻⁷ நியூட்டன். 2019 வரை ஆம்பியரை வரையறுத்தது இந்த எண்ணை வைத்துத்தான்.

இந்த இடத்தில் ஒரு நல்ல கேள்வி வரும்: ஓடுபவருக்கு மட்டும் அந்த உபரி எங்கிருந்து வந்தது? கம்பி ஒரு சுற்று என்பதை மறந்துவிட்டோம். மின்னோட்டம் திரும்பி வரும் பக்கம், ஓடுபவர் பார்வையில் அதே அளவு எதிர் மின்னூட்டத்தோடு இருக்கும். சுற்று முழுவதையும் கூட்டினால் பூஜ்யம்தான். மின்னூட்டம் புதிதாக முளைக்கவில்லை, பகிர்வு மட்டும் மாறித் தெரிகிறது.

எது வசதி என்றால், கம்பிக்கும் மோட்டாருக்கும் நான் யோசிக்காமல் தரைப் பக்கம் நிற்பேன். வெவ்வேறு வேகத்தில் போகும் மின்துகள்களுக்கு ஆளுக்கொரு குறிப்பாயம் (எங்கிருந்து பார்க்கிறோம் என்ற நிலை) எடுத்துக் கணக்குப் போட்டால் பொழுது விடிந்துவிடும். மோட்டாரில் கம்பியே சுழல்கிறது, அதோடு நேர்கோட்டில் ஓட வழியே இல்லை.

துகள் கற்றைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். பக்கத்தில் பக்கத்தில் பறக்கும் இரண்டு புரோட்டான்களைத் தரையிலிருந்து பார்த்தால், மின்விசை விலக்குகிறது, காந்தவிசை இழுக்கிறது, இரண்டையும் கழிக்க வேண்டும். ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தின் பெரிய மோதல் வளையத்தில், நீளச் சுருக்கமும் கடிகார மெதுவும் எத்தனை மடங்கு என்று சொல்லும் சார்பியல் காரணி சுமார் 7,000. அங்கே இழுப்பு விலக்கை ஏறக்குறைய முழுதாகத் தின்றுவிடுகிறது, மிச்சம் ஐந்து கோடியில் ஒரு பங்கு. கூட ஓடுபவருக்கு இந்தக் கழித்தல் எதுவும் கிடையாது. நிற்கும் இரண்டு மின்னூட்டங்கள், அவற்றுக்கிடையிலான விசையைச் சொல்லும் கூலும் விதி, அவ்வளவே. தரையில் விலகல் மெதுவாகத் தெரிவதற்கு, அவருடைய கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுவதும் காரணம்.

ஓடுபவர் கதையைக் கேட்ட உற்சாகத்தில், “காந்தவிசை என்று ஒன்று கிடையாது, எல்லாம் மின்விசையின் வேஷம்” என்று முடிவு கட்டுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அது அவசரம். மின்புலத்தின் வர்க்கத்திலிருந்து, ஒளிவேகத்தால் பெருக்கிய காந்தப்புலத்தின் வர்க்கத்தைக் கழித்தால் கிடைக்கும் எண் எல்லா நிலைமக் குறிப்பாயத்துக்கும், அதாவது சீரான வேகத்தில் நேராகப் போகும் எல்லாப் பார்வையாளருக்கும், ஒன்றே. நம் கம்பிக்குத் தரையில் அந்த எண் எதிர்க்குறி. ஆகவே எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதன் காந்தப்புலத்தைப் பூஜ்யமாக்க முடியாது. நம் எலெக்ட்ரானோடு ஓடுபவரைச் சுற்றியும் அது இருக்கத்தான் செய்கிறது. எலெக்ட்ரான் நிற்பதால் அதற்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான். புரோட்டான் கற்றைக்கு அதே எண் நேர்க்குறி, அங்கே எப்படி ஓடினாலும் மின்புலம் போகாது.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் இன்னும் சிக்கல். அதன் வலிமை பெரும்பாலும் எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி (ஸ்பின்) என்ற இயல்பிலிருந்து வருகிறது. பெயர்தான் சுழற்சி, உள்ளே எதுவும் பம்பரம் மாதிரி சுற்றவில்லை. கூட ஓடிப்போய் நிறுத்திப் பார்க்க அங்கே ஒரு மின்னோட்டமே இல்லை.