லாண்ட் ரோவர் 110க்கு நானே செய்த டிபரன்சல் கவர்: மூன்று மாரி கழிந்த பிறகு

மட்டக்களப்பின் குடும்பிமலைப் பக்கத்து மாட்டுப் பட்டிகளில் இருந்து செங்கலடிக்குப் பால் கேன் ஏற்றும் ஜீப் என்னுடையது. பழைய லாண்ட் ரோவர் 110. பின் அக்ஸில் சாலிஸ்பரி வகை. சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிபரன்சல். அதன் பின்புறத்தைப் பத்து போல்ட்டில் நிற்கும் ஒரு தகட்டு மூடி மறைக்கும். 2021 மாரியில், தண்ணீர் மேவிய தாம்போதியொன்றில் ரிவர்ஸ் எடுத்தபோது அந்த மூடியைக் கருங்கல்லில் கொண்டுபோய் இடித்தேன். பிழை முழுக்க என்னுடையது. அடிப்பக்கம் உள்ளே மடிந்து, டிபரன்சலின் பெரிய பல்சக்கரமான கிரவுண் வீலில் உரசியது. வீடு வந்து சேரும்வரை பல் கூசும் சத்தம்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்ததால் அப்போது பழைய ஜீப் சாமான்களுக்கு யானை விலை. அந்த விலை கொடுத்து வாங்கினாலும் அதே மெல்லிய தகடுதான். அடுத்த கல்லுக்கு அதுவும் மடியும். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

12 மில்லிமீற்றர் தகட்டில் ஒரு வளையம், அதன்மேல் 6 மில்லிமீற்றர் தகட்டில் ஒரு கூடு. துளைகளுக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. ஒழுகாமல் இருக்க இடையில் வைக்கும் கேஸ்கட் பேப்பரை, மூடி பூட்டும் அக்ஸில் ஹவுசிங்கில் வைத்து, ஒயில் தோய்ந்த விரலால் அமத்தித் தேய்த்தால் பத்துத் துளையும் விளிம்பும் கறுப்பாகப் பதியும். அந்தப் பேப்பரை வளையத்தில் ஒட்டிப் பஞ்ச் அடித்தோம். உள்ளே இடம் போதுமா என்று பார்க்க மகளின் விளையாட்டுக் களி உதவியது. கூட்டின் உட்புறத்தில் உருண்டை உருண்டையாக ஒட்டி, கவரைப் பூட்டி, சில்லைக் கையால் சுற்றிவிட்டுக் கழற்றினோம். மேல் உருண்டையில் பல் தடம். அந்த இடத்தில் மிஞ்சிய களி ஒரு சட்டைப் பொத்தான் தடிப்புத்தான். கூட்டை இன்னும் அரை அங்குலம் வெளியே தள்ளினோம். களியைத் திருப்பிக் கொடுத்தேன், அவள் வாங்கவில்லை.

சறுக்கியது வெல்டிங்கில். வளையத்தை எதிலும் பூட்டாமல் ஒரே சுற்றாக ஒட்டிவிட்டேன். ஆறியதும் அது அப்பளம்போல நெளிந்திருந்தது. கண்ணாடித் துண்டின்மேல் வைத்தால் அடியில் சவர பிளேட் தாராளமாக நுழைந்தது. "சிலிக்கன் பூசினாச் சரிகா, ஒண்டும் ஒழுகாது" என்றார் பக்கத்தில் நின்ற அண்ணன். பூசினேன். மூன்றாம் நாள் முற்றத்து மணலில் ஒயில் வட்டம்.

மறுகா எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, வளையத்தைத் தடித்த இரும்புத் தகடொன்றில் பத்து போல்ட்டும் போட்டு இறுக்கி, இங்கே ஒரு அங்குலம், எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டினோம். வெல்டிங் றொட் 7018. அது ஈரம் பிடித்தால் ஒட்டில் ஓட்டை விழும், வாவிக்கரைக் காற்றில் சும்மா வைத்தாலே ஈரம் பிடிக்கும், சூடாக்கித்தான் எடுத்தோம். கடைசியாக லேத்தில் ஏற்றி முகத்தைச் சமன் செய்யவேண்டும். அது 2022 மார்ச் கடைசி, 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத நாட்கள். இருபது நிமிட வேலைக்கு நான்கு நாள் போய்வந்தேன்.

ஒழுக்குப் பார்க்க வெளியே சோக்குக் கட்டி பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்தோம். நுண்ணிய ஓட்டை இருந்தாலும் வெள்ளையில் ஈரப் பொட்டு தெரியும். அந்த நாளில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு அலைந்தது தனிக்கதை.

இன்னொரு பிழையும் செய்தேன். ஒயில் ஊற்றும் துளைதான் மட்டம் பார்க்கும் துளையும் என்பது அயத்துப்போய், கைக்கு வசதியாக ஒரு விரல் மேலே போட்டுவிட்டேன். வழிய வழிய ஊற்றியதில் மிச்ச ஒயில் அக்ஸில் குழாய்வழியே போய், ஒயிலை மறிக்கும் சீலைத் தாண்டி, பிரேக் லைனிங்கை நனைத்தது. சந்தையடியில் பிரேக் மிதித்தபோதுதான் விளங்கியது. அந்தத் துளையை அடைத்து, பழைய மூடியில் இருந்த அதே உயரத்தில் புதிதாகப் போட்டேன். ஒயில் 2.3 லீற்றர் அளவு பிடிக்கும். கூடு வெளியே தள்ளியிருப்பதால் எனக்குக் கொஞ்சம் கூடப் போகிறது.

2024 நவம்பர் வெள்ளத்தோடு மூன்று மாரி ஓடிவிட்டது. கல்லில் எத்தனை தரம் இடித்தேன் என்று கணக்கில்லை. கீழ் விளிம்பைச் சரிவாகச் சீவியிருந்தேன். கல் அதில் ஏறி வழுக்கிப்போகிறது. தடிப்பைவிட அந்தச் சரிவுதான் காப்பாற்றுகிறது என்பது என் எண்ணம். கூடு எங்கும் நசியவில்லை, ஒழுக்கும் இல்லை. பாரம் 5 கிலோவுக்கு மேல், ஓட்டத்தில் தெரியவில்லை.

பிடிக்காதது போல்ட். கல்லில் தலை அடிபடாமல் இருக்க வளையத்துக்குள் அமிழும், தலையில் அறுகோணக் குழி உள்ள அலன் போல்ட் போட்டேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைச் சேறு அந்தக் குழிகளில் இறுகினால் சீமெந்து. ஒயில் மாற்றும்போதெல்லாம் ஆணியால் குத்தித் தோண்டவேண்டும். கடலோர வாகரைப் பக்கம் ஓடியதில் உப்பும் சேர்ந்து இரண்டு தலை தேய்ந்துபோனது, வெட்டித்தான் எடுத்தோம். இப்போது சாதாரண அறுகோணத் தலைதான், சுற்றிவர ஒரு பட்டை வரம்பு ஒட்டியிருக்கிறேன்.

டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருக்கும் இரண்டு பேர் இதே அளவு கேட்டார்கள். அந்தப் பின் அக்ஸிலில் கழற்றும் மூடி கிடையாது, டிபரன்சல் முன்பக்கமாகத்தான் வெளியே வரும். என் ஜீப்பின் முன் அக்ஸிலும் அப்படித்தான்: பின்னால் இருப்பது ஒட்டிய தகடு. அதன்மேல் தடித்த தகடு ஒட்டலாம், ஆனால் சூட்டில் அக்ஸிலே வளையக்கூடும். அதில் நான் இன்னும் கை வைக்கவில்லை.