விக்ரூ காலம்: சரக்கு நல்லது, விளம்பரம்தான் பொய்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் அலசிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கொட்டிவிடாமல் கேனில் சேர்த்து வைப்போம். அதை வடித்து மீட்டெடுக்கத்தான் இந்த விக்ரூ காலம் (column) வாங்கினோம், அதாவது கொதிக்கும் குடுவைக்கு மேலே ஆவி ஏறும் வழியில் வைக்கும், உள்ளே முட்கள் உள்ள குழாய். 30 சென்டிமீட்டர் நீளம், போரோசிலிகேட் கண்ணாடி, இரண்டு முனையிலும் பி-24 ஜாயின்ட், அதாவது மற்றக் கண்ணாடிச் சாமானோடு பொருந்தும் நிலையான அளவு இணைப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஜாயின்ட் ஆட்டமே இல்லை. கிரீஸ் கொஞ்சம் தொட்டுவைத்தாலே போதும், ஆவி கசியவில்லை. உள்பக்கம் குத்திவிட்ட முட்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து, எதிரெதிர் முட்கள் கிட்டத்தட்ட நுனி தொடும் அளவுக்கு நெருங்கி நிற்கின்றன. மலிவுச் சரக்கில் இவை பாதியோடு நின்றுவிடும், ஆவி நடுவே நேராக ஏறிப் போய்விடும். வெப்பம் வெளியே போகாமல் தடுக்கும் வெற்றிட உறை கிடையாது என்பதால் கண்ணாடிப் பஞ்சும் அலுமினியத் தாளும் சுற்ற வேண்டும். அப்புறம் சொட்டுச் சொட்டாக இறக்கினால் பிரிப்பு நன்றாகவே இருக்கிறது.

ஆனால் கூடவே வந்த துண்டுத்தாளில் "99 சதவீதத் தூய்மை" என்று போட்டிருந்தார்களே, அதைத்தான் விட முடியவில்லை. ஐசோபுரொப்பைலும் தண்ணீரும் சேர்ந்தால் எடையில் சுமார் 88 சதவீதத்தில் அசியோட்ரோப் ஆகிவிடும், அதாவது கொதிநிலை மாறாக் கலவை. அந்த இடத்தில் ஆவியிலும் திரவத்திலும் ஒரே விகிதம். அப்புறம் எதைப் பிரிப்பது? இந்தக் காலத்துக்கு இரண்டு மூன்று தட்டுகளின் திறன் இருக்கும் (ஒரு தட்டு என்றால் ஒருமுறை தனியாக வடிப்பதற்குச் சமம்). நூறு தட்டு உள்ள காலத்தை நிறுத்தினாலும் மேலே வருவது அதே 88தான்.

இதில் மாணவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வெப்பமானி 80.3-இல் ஆடாமல் நிற்கும். கொதிநிலை நிலையாக இருந்தால் தூய பொருள் என்றுதானே பாடத்தில் படித்திருக்கிறார்கள்! தூய ஐசோபுரொப்பைல் கொதிப்பது 82.5 டிகிரியில். இரண்டு டிகிரி வித்தியாசத்தைச் சாதாரண வெப்பமானியில் யார் கவனிக்கப் போகிறார்கள்? தண்ணீர் பட்டால் நீலமாகும், வறுத்து வெளுத்த மயில்துத்தப் (காப்பர் சல்பேட்) பொடியை வடித்ததில் ஒரு சிட்டிகை போட்டுக் காட்டினேன். அடியில் படிந்த பொடி நீலமாகிவிட்டது. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மிச்சத் தண்ணீரை எடுக்க 3ஏ மூலக்கூறு சல்லடை மணிகள் தனியாக வாங்க வேண்டும். 3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துளைக்குள் தண்ணீர் நுழையும், ஆல்கஹால் நுழையாது. மணிகள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரைப் பிடிக்கும். ஒரு லிட்டர் வடிப்பில் இருப்பதோ சுமார் 100 கிராம். ஆக, கணக்குப்படியே அரை கிலோ மணி வேண்டும், கையில் இன்னும் கூடுதலாக இருப்பது நல்லது. கலவையை மணிமேல் ஊற்றியதும் குடுவை வெதுவெதுப்பாகும், பயப்பட வேண்டாம். மணியை 250 டிகிரிக்கு மேல் சுட்டு மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் ஆல்கஹால் வாசனை போக நன்றாகக் காற்றாட விட்ட பிறகே அடுப்புக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்.

தொழிற்சாலைகளில் மூன்றாவதாக ஒரு திரவம் சேர்த்துத் தண்ணீரை இழுக்கும் முறையும் உண்டு. எத்தனாலுக்கு 1902-இல் வேதியியலாளர் சிட்னி யங் பென்சீனை வைத்துச் செய்து காட்டினார். புற்றுநோய் தரும் பென்சீனை இன்று கல்லூரி ஆய்வகத்துக்குள் விடவே கூடாது.

அசிட்டோன், மெத்தனால் மீட்கிறவர்கள் இந்தக் காலத்தைத் தாராளமாக வாங்கலாம். சாதாரண அழுத்தத்தில் அவை இரண்டும் தண்ணீரோடு இப்படிச் சிக்கிக்கொள்வதில்லை. ஐசோபுரொப்பைல்தான் என்றால் காலத்தோடு மணிக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். திரும்பவும் கண்ணாடி அலசத்தானா? சரி, 88 சதவீதமே தாராளம், மணியும் வேண்டாம்.