காலிங் பெல் கேமராவை ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் ஆப்பைத் திறந்து பாருங்கள்

தக்கலை, மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் வீடியோ டோர்பெல் வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் நானும் மாமியும்தான். வீட்டுக்காரர் மஸ்கட்டில். வாசலில் யார் நிற்கிறார்கள் என்று அவர் அங்கிருந்தே பார்த்துப் பேசுவதற்காகத்தான் அந்த பெல்லையே வாங்கி மாட்டினோம். ஆனி மழை பிடித்ததும் கோளாறு ஆரம்பித்தது. பகலில் ஒழுங்காக வேலை செய்யும், இருட்டினால் ஆஃப்லைன். வாரண்டி முடிந்திருந்ததால், கேமரா ரிப்பேர் என்று போர்டு வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டோம்.

வந்தவர் மீட்டர் எதுவும் எடுக்கவில்லை. பெல்லைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஈரம் ஏறி உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு போயிட்டுது அக்கா, மாத்தணும்" என்றார். கூடவே, "ரீசெட் அடிக்கணும், அண்ணனை அவங்க ஆப்பில இருந்து இதை டெலீட் பண்ணச் சொல்லுங்க" என்றார். வீட்டுக்காரரும் மஸ்கட்டில் இருந்து டெலீட் செய்தார். ரிப்பேர்காரர் பெல்லை எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து மாட்டி, வைஃபை பாஸ்வேர்டு வாங்கிப் போட்டு, 2,800 ரூபாய் என்றார். ஜிபேயில் அனுப்பினோம். பில் கேட்டதற்கு, "ரிப்பேருக்கு யாரு அக்கா பில் போடுறா?" என்று சிரித்தார்.

அன்றைக்கு ராத்திரியே பெல் பழையபடி செத்துவிட்டது. போன் பண்ணினால், "உங்க நெட் சரியில்லை" என்றார்.

அப்புறம்தான் வயரிங் வேலை செய்யும் பக்கத்து வீட்டுத் தம்பி மல்டிமீட்டரோடு வந்தான். வயர் போட்டு மாட்டும் இந்த மாதிரி பெல்களுக்குப் பெரும்பாலும் 16 முதல் 24 வோல்ட் ஏசி வேண்டும், அதற்கென்று வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் தனி டிரான்ஸ்பார்மர் இருக்கும். நம் வீடுகளில் பழைய காலிங் பெல் பாயிண்டில் வருவது நேரடியாக 230 வோல்ட். அதில் இதைச் சொருகினால் அந்த நிமிடமே கருகும். ஆகவே மெயினை ஆஃப் பண்ணாமல் யாரும் கை வைக்காதீர்கள். எங்கள் டிரான்ஸ்பார்மர் போர்டிகோவில், சாரல் அடிக்கும் இடத்தில் இருந்தது. திறந்தால் முனையெல்லாம் பச்சைக் களிம்பு. பகலில் 16 காட்டிய மீட்டர், இருட்டில் கேமராவின் இன்ஃப்ராரெட் லைட் எரிந்ததும் 11க்கு இறங்கியது. அந்த லைட்டுக்குக் கூடுதல் கரண்ட் வேண்டும். வோல்ட் இறங்கினால் பெல் தானாக அணைந்து அணைந்து எழும்பும். வேறு டிரான்ஸ்பார்மரை வாங்கி, மழை படாத உள்சுவரில் மாட்டினான். அதோடு சரியாகிவிட்டது. வருஷத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் ரிப்பேர்காரர் முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதானே?

அப்படியானால் மாற்றிய போர்டு எங்கே? அதையும் தம்பியே கண்டுபிடித்தான். வைஃபை சிப்புக்கென்று மேக் எண் ஒன்று உண்டு. அது போர்டோடு வருவது. ரவுட்டரில் தெரிந்த எண்ணும் பெல் வாங்கிய பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணும் ஒன்றே. பழைய போர்டு அப்படியேதான் இருக்கிறது.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்காரர் ஆப்பில் ஏதோ செட்டிங் மாற்றப் போனபோது அந்தப் பக்கமே திறக்கவில்லை. பார்த்தால் அவர் பெயருக்குக் கீழே 'பகிரப்பட்ட பயனர்' என்று இருக்கிறது. உரிமையாளர் இடத்தில் யாருடையதோ மெயில் முகவரி. ரிப்பேர்காரர் பெல்லைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு, எங்களுக்கு விருந்தாளி மாதிரி பார்க்க மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார். நான் எத்தனை மணிக்கு வெளியே போகிறேன், மாமி எப்போது தனியாக இருக்கிறார், எல்லாமே அவர் போனில் தெரியும்! கேட்டதற்கு, "டெஸ்ட் பண்ணப் போட்டது, மாத்தணும்னா வந்துபோற செலவு 500 தாங்க" என்கிறார். என்ன தைரியம் பாருங்கள்.

ரீசெட் பட்டனை அமுக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். பல கம்பெனி பெல்களில் முதல் கணக்கிலிருந்து நீக்காமல் இன்னொரு கணக்கில் சேர்க்க முடியாது. எங்களுடையதும் அப்படித்தான். வாங்கிய பில்லையும் சீரியல் எண் ஸ்டிக்கரின் போட்டோவையும் கம்பெனிக்கு அனுப்பிய பிறகே அந்தக் கணக்கை நீக்கிக் கொடுத்தார்கள். இங்கேயும் ஒரு குழி உண்டு. கூகுளில் கஸ்டமர் கேர் என்று தேடினால் வரும் எண்களில் போலி கலந்திருக்கும். நம் போனை வேறொருவர் தூரத்திலிருந்தே பார்க்கவிடும் எனிடெஸ்க் ஆப்பை ஏற்றச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். பெட்டியிலோ கையேட்டிலோ அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் கூப்பிடுங்கள். இப்படி யாராவது பணத்தை உருவிவிட்டால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குத் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். பெல் கைக்கு வந்ததும் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினோம். அதுவும் அவரிடம் இருந்ததே.

1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் நம் பக்கத்துக்குச் சாட்சி. இதில் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருஷத்துக்குள் போனால் போதும்.

புகார் நம்பர் போனதும் அந்த ஆள் 1,500 ரூபாயைத் திருப்பி அனுப்பி, "பிரச்சினையை இத்தோட முடிச்சுக்கலாம் அக்கா" என்று மெசேஜ் போட்டிருக்கிறார். முடிக்கப் போவதில்லை. எங்கள் வீட்டுக்குச் செய்ததை வேறு எத்தனை வாசலில் செய்திருக்கிறார் என்று தெரியாது. சமீபத்தில் யாரிடமாவது பெல்லைக் கொடுத்து வாங்கியிருந்தால், இன்றைக்கே ஆப்பில் உரிமையாளர் யார் என்று பாருங்கள். வேறு மெயில் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.